கேட்காத சத்தத்துக்கும் கணக்கு: பழைய லேப்டாப்பில் ப்யூர் டேட்டா

ப்யூர் டேட்டா என்பது கம்ப்யூட்டரில் சத்தம் செய்யும் சாஃப்ட்வேர், அது இலவசம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சவுண்ட் சாஃப்ட்வேர் என்றதும் கோத்தகிரியில் என் கடைக்கு வரும் பையன்கள் முதலில் கேட்பது விலையைத்தான். அடுத்த கேள்வி, "என் லேப்டாப்ல ஓடுமாண்ணா?" இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கானது. ஓடும். ஆனால் நீங்கள் பேட்ச் (பெட்டிகளை ஒயரால் இணைத்த வரைபடம்) வரைகிற லட்சணத்தைப் பொறுத்து ஓடும்.

எனக்கு மைக் செட் தொழில். கல்யாணம், கோயில் விசேஷம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா. இதோடு நாடகத்துக்கும் கண்காட்சிக்கும் பின்னணிச் சத்தம் செய்து தரும் வேலையும் சேர்ந்துகொண்டது. மழை, காற்று, சோலைக்குள் சில்வண்டு, மலை ரயில், எங்கள் ஊரில் கேட்பது எல்லாமே இவைதான். ரெக்கார்டு செய்த ரயிலைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். மேடையில் நிற்கும் பையன் வசனத்தை மறந்துவிட்டால் ரெக்கார்டு ரயில் அவனுக்காக நிற்காது. ப்யூர் டேட்டாவில் செய்த ரயில் நிற்கும், மெதுவாகப் போகும், இன்னொரு முறை விசில் ஊதும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இதை எழுதியவர் மில்லர் பக்கெட். 1980களில் பாரிஸில் இர்காம் என்ற ஒலி ஆய்வு நிறுவனத்தில் மேக்ஸ் என்ற மென்பொருளைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். 1990களில் அதே யோசனையை இலவசமாக, யாரும் திறந்து பார்க்கும்படி ப்யூர் டேட்டாவாகச் செய்தார். திறந்தால் வெள்ளைத் தாள், கறுப்புக் கோடு. பெட்டிகளை வைத்து ஒயர் இழுத்தால் சத்தம் வரும். அழகு என்று எதுவும் கிடையாது. எனக்கு அதில் குறையும் இல்லை.

பெட்டிகளில் இரண்டு ஜாதி. பெயருக்குப் பின்னால் வளைகோடு (~) இருந்தால் அது ஒலிப் பெட்டி, ஒயர் தடிமனாக வரும். வளைகோடு இல்லாவிட்டால் அது செய்திப் பெட்டி, ஒயர் மெல்லியதாக வரும். ப்ராசஸர் சுமையைப் பற்றிப் பேசுவதெல்லாம் இந்தத் தடிமனான ஒயரைப் பற்றித்தான். செய்திப் பெட்டி யாராவது தட்டினால்தான் வேலை செய்யும். ஒலிப் பெட்டி ஆடியோவை ஆன் செய்த நிமிடத்திலிருந்து ஓயாமல் ஓடும். வழக்கமான அமைப்பில் ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள் (ஒலி அலையை அளந்த எண்கள்), அதை 64, 64 ஆகக் கட்டி ஒவ்வொரு கட்டையும் எல்லா ஒலிப் பெட்டிகள் வழியாகவும் அனுப்புகிறது. ஒரு கட்டு என்பது சுமார் 1.45 மில்லிசெகண்ட் ஒலி. ஆக, ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 689 தடவை உங்கள் பேட்ச் முழுக்க நடந்து வருகிறது. சராசரியாக அந்த 1.45 மில்லிசெகண்டுக்குள் ஒரு நடை முடியாவிட்டால் ஸ்பீக்கர் பாக்ஸில் கரகர.

போன ஆண்டு விழா சீசனில் அரவேணுவிலிருந்து ஒரு தம்பி பேட்ச் ஒன்றைக் கொண்டுவந்தான். கல்லூரியில் படிக்கிறான், காது நல்ல காது. ஒரு பள்ளியின் கண்காட்சிக்கு மலை ரயில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம். நீராவி இன்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். அந்த எக்ஸ் வகை இன்ஜினில் நான்கு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. தம்பி அதையெல்லாம் படித்துவிட்டு நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக நாய்ஸ்~ என்ற இரைச்சல் பெட்டி வைத்து, பிபி~ ஃபில்டர் வைத்து, எண்ணைச் சறுக்கி ஏற்றி இறக்கும் லைன்~ கொண்டு ஒவ்வொரு 'புஸ்'ஸையும் வெட்டியிருந்தான். கேட்டால் அந்தப் பாதையில் இருக்கும் ரன்னிமேடு ஸ்டேஷனில் நிற்பது மாதிரியே இருந்தது. இன்ஜின் பின்னால் என்பதால் அதன் சத்தத்தை ஹாலின் பின்பக்க பாக்ஸுக்கு அனுப்பியிருந்தான் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

ஆனால் ரயிலோடு மழையும் சேர்ந்தால் சத்தம் உடைகிறது. மீடியா மெனுவில் ப்ராசஸர் சுமையைச் சதவீதத்தில் காட்டும் லோட் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் 90க்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரேம் ஏத்தணுமாண்ணா? நாலு ஜிபிதான் இருக்கு."

"ரேமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. காசை வச்சுக்க."

பெரிய சாம்பிள் ஃபைல்களை நிறைய ஏற்றினால்தான் ரேம் கேள்வி வரும். இது ப்ராசஸர் நேரம். அதிலும் ப்யூர் டேட்டா ஒலி வேலை முழுவதையும் ஒரே கோரில்தான் செய்யும். நான்கு கோர் லேப்டாப்பில் மூன்று சும்மா உட்கார்ந்திருக்க, ஒன்று மட்டும் செத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் 25 சதவீதம் என்று காட்டுகிறதே, இன்னும் இடம் இருக்கிறதே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

அவன் பேட்சில் விசில் ஒன்று இருந்தது. மொத்த ஷோவில் எப்போதாவது ஊதும். மற்ற நேரத்தில் அதன் வால்யூமை 0 ஆக்கி வைத்திருந்தான். காதுக்கு அது இல்லை. ப்ராசஸருக்கு அது அப்படியே இருக்கிறது: ஸ்வரம் எழுப்பும் ஆறு ஆஸ்க்~ பெட்டியும் சுற்றுகின்றன, ஃபில்டர் வடிகட்டுகிறது, கடைசியில் எல்லாவற்றையும் 0-ஆல் பெருக்கிக் கொட்டுகிறது. குளிக்க ஆள் இல்லாத பாத்ரூமில் கெய்சர் ஓடுகிற மாதிரி. சில்வண்டும் அப்படித்தான், 24 ஆஸ்க்~ வைத்துப் பின்னியிருந்தான். காட்டுக் காட்சி முடிந்த பிறகும் அவை கத்திக்கொண்டேதான் இருந்தன, யாருக்கும் கேட்காமல்.

இதற்கு ப்யூர் டேட்டாவில் இருக்கும் மருந்து ஸ்விட்ச்~ என்ற பெட்டி. இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு பெட்டியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். விசிலை ஒரு உட்பேட்சுக்குள் (பேட்சுக்குள் இருக்கும் குட்டிப் பேட்ச்) போட்டு, உள்ளே ஸ்விட்ச்~ ஒன்றை வையுங்கள். 1 அனுப்பினால் அந்த உட்பேட்சின் ஒலிக் கணக்கு ஓடும், 0 அனுப்பினால் அப்படியே நிற்கும். வெளியே போகும் வாயில் சும்மா 0 வந்துகொண்டிருக்கும்.

சொல்வது சுலபம். சட்டென்று அணைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், ஹார்னில் கேட்டால் காது வலிக்கும். அலை பாதியில் அறுபடுவதால் வருவது அது. ஆகவே வரிசை முக்கியம். அணைக்கும்போது முதலில் லைன்~ வழியாக 50 மில்லிசெகண்டில் வால்யூமை இறக்க வேண்டும். அப்புறம் டிலே பெட்டி ஒன்றை வைத்து 80 மில்லிசெகண்ட் கழித்து 0 அனுப்ப வேண்டும். எழுப்பும்போது தலைகீழ்: முதலில் 1, அப்புறம் வால்யூம். இன்னொன்று, ஸ்விட்ச்~ ஒலிப் பெட்டியைத்தான் நிறுத்தும். உள்ளே மெட்ரோ என்ற கடிகாரப் பெட்டி ஒன்று டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு அடிக்கும், அதற்குத் தனியாக 0 கொடுக்க வேண்டும். தம்பியின் பேட்சில் இன்ஜின், விசில், பல்சக்கரம், சில்வண்டு, மழை என்று ஐந்தையும் ஐந்து உட்பேட்சாகப் பிரித்து ஸ்விட்ச்~ மாட்டினோம். காட்டுக் காட்சியில் ரயிலுக்கு வேலை இல்லை, ரயில் காட்சியில் சில்வண்டுக்கு வேலை இல்லை.

அடுத்தது எதிரொலி. கல்லாறு குன்னூர் பாதையில் குகைகள் வரும், அதற்காக ரெவ்3~ போட்டிருந்தான். போடட்டும், ஆனால் ஐந்து சத்தத்துக்கும் ஆளுக்கு ஒன்று! ப்யூர் டேட்டாவோடு வரும் எதிரொலிகளில் ரெவ்3~ கொஞ்சம் கனமானது, கேட்கவும் நன்றாக இருப்பது. ஐந்து சத்தமும் ஒரே குகைக்குள்தானே போகிறது? த்ரோ~ பெட்டியால் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு வீசி, கேட்ச்~ பெட்டியில் பிடித்து, கூட்டி, ஒரே ரெவ்3~ வழியாக அனுப்பினால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனியாக எதிரொலி போட்டுக் கூட்டினாலும், கூட்டிவிட்டு ஒரு தடவை எதிரொலி போட்டாலும், செட்டிங் ஒன்றாக இருக்கிறவரை விடை ஒன்றுதான். கல்யாண மண்டபத்தில் மிக்ஸரின் ஆக்ஸ் வழியாக ஒரே எஃபெக்டுக்கு எல்லா மைக்கையும் அனுப்பும் அதே வேலை. எது எவ்வளவு குகைக்குள் போக வேண்டும் என்பதை த்ரோ~வுக்கு முன்னால் பெருக்கி வைத்துக்கொள்ளலாம்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. எதிரொலி இப்போது உட்பேட்சுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே விசிலை ஊதி முடித்து ஸ்விட்ச்~ அணைத்த பிறகும் குகைக்குள் அதன் வால் இழுத்துக்கொண்டு போகும். உள்ளேயே இருந்திருந்தால் வாலும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும்.

இந்த இரண்டு வேலையில் மட்டும் லோட் மீட்டர் பாதிக்கும் கீழே இறங்கியது. மற்றதெல்லாம் சில்லறை. ஆனாலும் சில்லறையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

காற்று ஏறி இறங்குவதற்கு 0.1 ஹெர்ட்ஸ் ஆஸ்க்~ போட்டிருந்தான். பத்து செகண்டுக்கு ஒரு முறை மாறுகிற விஷயத்தைச் செகண்டுக்கு 44,100 தடவை கணக்குப் போடுவானேன்? மெட்ரோ ஒன்று மெதுவாக எண் அனுப்பட்டும், லைன்~ ஒன்று அதைச் சறுக்கி இழுக்கட்டும். லைன்~ இல்லாமல் எண்ணை நேராக வால்யூமில் போட்டால் படி படியாகக் கேட்கும், அதனால் அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. மழைத் துளிகளுக்குக் குளோன் பெட்டியில் 40 பிரதி எடுத்திருந்தான். 12க்கு மேல் போனால் வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை, அவனுக்கும் கேட்கவில்லை. பின்னால் மழை இரைச்சல் இருக்கும்போது யார் துளியை எண்ணப் போகிறார்கள்?

அந்த இரைச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை மேல் விழும் ஐப்பசி மழை, ஏழெட்டு ஃபில்டர் போட்டு அருமையாகச் செய்திருந்தான். ஷோவில் அது மாறப்போவது வால்யூம் மட்டும்தான். அப்படியானால் ரைட்எஸ்எஃப்~ பெட்டியில் ஐந்து நிமிடம் ரெக்கார்டு செய்துகொண்டு, ரீட்எஸ்எஃப்~ பெட்டியில் ஓட்டிவிடலாம். ஏழெட்டு ஃபில்டரின் வேலை ஒரு ஃபைலைப் படிக்கிற வேலையாகிவிடும். டிஸ்க்கிலிருந்து படிப்பது தனியாகப் பின்னால் நடப்பதால் ஒலிக் கணக்கு அதற்காகக் காத்திருக்காது. ஃபைலைத் திறக்கும் செய்தியைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்து வைத்தால் 1 கொடுத்ததும் தயங்காமல் தொடங்கும். தம்பிக்கு இதில் விருப்பமே இல்லை, "அப்புறம் ரெக்கார்டுதானேண்ணா அது?" என்று முகத்தைச் சுளித்தான். ரெக்கார்டுதான். எது காத்திருக்க வேண்டும், எது காத்திருக்க வேண்டாம் என்று பார்த்துப் பிரிப்பதுதான் வேலை. மழை யாருடைய வசனத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

திரை விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ப்யூர் டேட்டாவில் படம் வரைவது ஒரு புரோகிராம், ஒலிக் கணக்குப் போடுவது இன்னொரு புரோகிராம், இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும். விதவிதமாக வியூ மீட்டர், துள்ளும் எண் பெட்டி, அலை வரையும் கிராஃப் என்று திரையை நிரப்பினால் அந்தப் பேச்சே பெரும் பாரமாகிவிடும், பழைய லேப்டாப்பில் இது நன்றாகவே காதில் தெரியும். அவற்றை ஒரு உட்பேட்சில் போட்டு ஜன்னலை மூடிவிடுங்கள். மூடிய ஜன்னலில் இருப்பதை அது வரையாது. அதே போல ஆடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலிப் பெட்டிகளுக்கு ஒயர் மாற்றாதீர்கள், முழு வரிசையையும் அது மறுபடி அடுக்கும், அந்த நேரத்தில் சத்தம் விக்கும். சவுண்ட்ஃபைலர் வைத்துப் பெரிய ஃபைலை ஏற்றும்போதும் இதே விக்கல்தான். ஏற்ற வேண்டியதையெல்லாம் திரை தூக்குவதற்கு முன்னாலேயே ஏற்றிவிட வேண்டும்.

இனி எங்கள் மலைக்கே உரிய ஒரு தொல்லை. மழை வந்தால் கரண்ட் போகும். ஆம்ப்புக்கு ஜெனரேட்டர், மிக்ஸருக்கு யுபிஎஸ், லேப்டாப்புக்கு அதன் பேட்டரி, எல்லாம் சரி என்று நினைத்திருப்போம். கரண்ட் போன அடுத்த நொடி சத்தம் கரகரக்கும். லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ப்ராசஸர் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்கிறது. சார்ஜரில் 60 காட்டிய பேட்ச் பேட்டரியில் 100-ஐத் தொடும். பவர் செட்டிங்கில் பேட்டரிக்கும் முழு வேகம் என்று மாற்றி வையுங்கள். ஒத்திகையில் ஒரு தடவை சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லோட் மீட்டரைப் பார்ப்பது என் பழக்கம். லினக்ஸில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதை, ப்ராசஸர் வேகத்தை முடிவு செய்யும் கவர்னர் என்ற செட்டிங்கை பெர்ஃபார்மன்ஸில் வைக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் லேப்டாப் சூடாகாது, அதனால் வேகமாக ஓடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இந்தக் குறைப்புக்கும் குளிருக்கும் சம்பந்தம் இல்லை.

ஆடியோ செட்டிங்கில் டிலே என்று மில்லிசெகண்டில் ஒரு எண் இருக்கும். அதை ஏற்றினால் சுமை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். சுமை அப்படியேதான் இருக்கும். நடுவில் வேறு ஏதாவது புரோகிராம் குறுக்கே வந்து தடுக்கும்போது சமாளிக்கக் கொஞ்சம் கையிருப்பு கிடைக்கும், அவ்வளவுதான். கீபோர்டு வாசிக்கிறவருக்கு 50 மில்லிசெகண்ட் தாமதம் ஒத்துவராது, விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி தெரியும். நாடக ரயிலுக்கு 50 தாராளமாகப் போதும். சாம்பிள் ரேட்டை 96,000 ஆக்கினால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுமை இரண்டு மடங்குக்கும் மேலாகும், என் ஹார்னில் அந்த வித்தியாசம் வரவே வராது.

இவ்வளவும் செய்த பிறகும் போதாவிட்டால் பிடி~ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது இன்னொரு ப்யூர் டேட்டாவைத் தனியாகக் கிளப்பி வேறு கோரில் ஓட்டும், கொஞ்சம் தாமதம் சேரும். எனக்கு இதுவரை அது தேவைப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. லோட் மீட்டர் மொத்தச் சுமையை மட்டும் சொல்கிறது, எந்தப் பெட்டி தின்கிறது என்று சொல்வதில்லை. ஒவ்வொரு உட்பேட்சாக அணைத்து அணைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் விசிவி ரேக் என்ற இன்னொரு சவுண்ட் சாஃப்ட்வேர் எவ்வளவோ மேல். அதில் ஒரு கீயைத் தட்டினால் ஒவ்வொரு மாட்யூலின் மேலும் அது எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துவிடும், வேண்டாததை அங்கேயே பைபாஸ் செய்யலாம், கோர்களையும் பங்கு போட்டுக்கொள்ளும். பார்க்கவும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அது 64, 64 ஆகக் கட்டாமல் ஒவ்வொரு சாம்பிளாக நடக்கிறது, அதோடு அந்த அழகான படத்தையும் வரைய வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் லேப்டாப்பில் நான்கைந்து மாட்யூல் வைத்ததுமே மூச்சு வாங்கியது. நல்ல மெஷின் இருந்தால் அதைப் பாருங்கள்.

ப்யூர் டேட்டாவின் முகம் பிடிக்காதவர்களுக்கு பிளக்டேட்டா இருக்கிறது. உள்ளே அதே இன்ஜின், வெளியே நல்ல சட்டை. கூடுதலாக நிறைய பெட்டிகளும் வரும். அதிலும் ஸ்விட்ச்~, த்ரோ~, கேட்ச்~ எல்லாம் இதே மாதிரிதான், இங்கே சொன்னது எதுவும் வீணாகாது.

ஹெல்ப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எந்தப் பெட்டியின் மேலும் ரைட் கிளிக் செய்து ஹெல்ப் கொடுத்தால் ஓடுகிற பேட்ச் ஒன்று திறக்கும். அதில் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கலாம், அப்படியே காப்பி எடுத்து நம் பேட்சில் ஒட்டலாம். ஆங்கிலம் சரளமாக வராத பையன்கள்கூட இதை வைத்தே கற்றுக்கொண்டு வருகிறார்கள். அரவேணு தம்பியும் அப்படி வந்தவன்தான்.

இன்ஸ்டால் செய்ய பெரிய இடம் கேட்காது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிவிடலாம், கட்டபெட்டு போவதற்குள் சத்தம் வந்துவிடும்.